பச்சை டிக்கும் பழனிக்குப் போன மூட்டையும்

1

போன சனிக்கிழமை எங்கள் கிளினிக்கின் ஃபேக்ஸ் எந்திரத்தைக் காரின் முன்சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டும் மாட்டி, நகராட்சியின் மின்கழிவு மையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். பெல்ட் மாட்டியது பாசத்தால் அல்ல. மாட்டாவிட்டால் அந்த எடைக்கு யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கார் வழி முழுக்கப் பீப் அடிக்கும்.

ஊரில் இருப்பவர்கள் சிரிக்கலாம். திண்டுக்கல்லில் ஃபேக்ஸ் எந்திரத்தைக் கண்ணால் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் இருக்கும் கனடாவின் இந்தச் சின்ன ஊரில் வங்கி, பள்ளிக்கூடம், மளிகைக்கடை எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டன. டாக்டர்கள் மட்டும் ஃபேக்ஸை விடவில்லை. மருந்துக்கடைக்கு ஃபேக்ஸ், ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஃபேக்ஸ், இதய டாக்டருக்குப் பரிந்துரைக் கடிதம் ஃபேக்ஸ். மின்னஞ்சலில் நோயாளியின் விவரம் அனுப்பினால் அந்தரங்கம் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். ஃபேக்ஸ் அடுத்த அலுவலகத்தின் தட்டில் யார் கண்ணிலும் படும்படி விழுந்து கிடப்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

என் மனைவி மேகலா நர்ஸ். அவளுக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்ததால் நானும் வந்தேன். திண்டுக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டரில் இருந்தவன், இங்கே ஒரு குடும்ப டாக்டரின் கிளினிக்கில் அலுவலக மேலாளர். பெயர்தான் பெரிது. டாக்டர் ஹெலன், வரவேற்பில் இருக்கும் டோனா, நான் என்று மூன்றே பேர்தான்.

டோனா பேசுவது ஆங்கிலம். ஆனால் அந்தப் பேச்சில் இருக்கும் இழுவையும் நக்கலும் என் காதில் திண்டுக்கல் தமிழாகவே விழும். அதனால் அவள் பேச்சை மட்டுமில்லை, இங்குள்ளவர்கள் பேச்சையெல்லாம் என் காதில் விழுந்தபடியே எழுதுகிறேன்.

2

இந்த வருடத் தொடக்கத்தில் டாக்டர் ஹெலன், "செல்வம், இந்தப் பேப்பர் அலமாரிங்க எல்லாம் போகணும். எந்த மென்பொருள் வாங்கலாம்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் பார்த்தேன். கேள்விகளை முதலில் எழுதி வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். எங்கள் பழைய ஃபேக்ஸ் எண்ணையே வைத்துக்கொள்ள முடியுமா? ஊரில் உள்ள மருந்துக்கடைகள் எல்லாவற்றிலும் அந்த எண்தான் இருக்கிறது. ஸ்கேன் செய்த காகிதத்துக்குள் இருக்கும் சொற்களைத் தேடினால் கிடைக்குமா? டாக்டர் ஹெலனுக்கு முன் இங்கே இருந்தவரின் கையெழுத்தை மனிதர்களாலேயே படிக்க முடியாது. அதைத் தனியாக விசாரித்தேன். நோயாளிகளின் கோப்புகள் எந்த நாட்டுக் கணினியில் இருக்கும்? யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்று பதிவாகுமா? நாளைக்கு இந்த நிறுவனம் வேண்டாம் என்று முடிவெடுத்தால் எங்கள் காகிதங்களை எங்களிடம் ஒழுங்காகத் திருப்பிக் கொடுப்பார்களா, அல்லது பூட்டிக்கொள்வார்களா?

கடைசிக் கேள்விக்குப் பாதிப் பேர் பதில் சொல்லவில்லை. அவர்கள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மிஞ்சியவை இரண்டு. பெயர்கள் வேண்டாம், திரையின் நிறத்தை வைத்தே சொல்கிறேன்.

பச்சை அழகாக இருந்தது. உள்ளே வரும் ஃபேக்ஸைத் தானே படித்து, நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் கண்டுபிடித்து, அவர் கோப்பில் தானே கொண்டுபோய் வைக்கும். வெளியே அனுப்பும் ஃபேக்ஸுக்கு எண் தேட வேண்டியதில்லை. நாட்டிலுள்ள அலுவலகங்களின் எண்கள் அதற்குள்ளேயே உண்டு. போய்ச் சேர்ந்ததும் ஒரு பச்சை டிக் விழும், அந்த வரி பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

சாம்பல் நிறத்தது பார்க்கப் பழைய ரேஷன் கடைத் திரை மாதிரி இருந்தது. உள்ளே வரும் ஃபேக்ஸை யாருடையது என்று யூகிக்கும். ஆனால் ஓர் ஆள் பார்த்துச் சரி என்று அழுத்தும்வரை எங்கும் வைக்காது. வெளியே போன ஃபேக்ஸ், நாமே முடித்துவைக்கும்வரை பட்டியலிலேயே உட்கார்ந்திருக்கும். எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குச் சில பெயர்கள் உண்டு: வரிசையில் இருக்கிறது, போகிறது, சேர்ந்தது. அதற்கு மேல் வேண்டுமானால் நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம்.

டோனா பச்சையின் பக்கம். "சாம்பலப் பாத்தாலே எனக்குத் தலவலிக்குதுப்பா. பச்சைதான் எம்புட்டு லட்சணமா இருக்கு" என்றாள்.

டாக்டருக்கும் பச்சை பிடித்திருந்தது. கோடை முடியும்வரை அதைச் சோதனைக்கு எடுத்தோம்.

3

வால்ட்டர் எங்கள் நோயாளி. அறுபதைத் தாண்டியவர், மனைவி இல்லை. ஊருக்கு வடக்கே உள்ள பண்ணைவீடுகளின் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் மஞ்சள் பஸ்ஸின் ஓட்டுநர். அந்தத் தடத்தில் இன்றைக்கு ஏறும் சில பிள்ளைகளின் அப்பா அம்மாவையும் அவர்தான் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

கோடை விடுமுறையில் அவர் தன் தோட்டத்தில் மயங்கி விழுந்தார். ஓட்டுநர் மயங்கி விழுந்தால் டாக்டர் அரசாங்கத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். டாக்டர் ஹெலன் தெரிவித்தார், உரிமம் நிறுத்தப்பட்டது. பிறகு இதய டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்: வெயில், போதிய தண்ணீர் குடிக்காதது, ரத்த அழுத்த மாத்திரையின் அளவு கொஞ்சம் கூடுதல். அளவைக் குறைத்தார்கள். இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். டாக்டர் ஹெலன் ஒரு படிவத்தை நிரப்பி, உரிம அலுவலகத்தின் மருத்துவப் பிரிவுக்கு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். அவர்கள் பார்த்து உரிமத்தைத் திருப்பித் தருவார்கள்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைவரை வால்ட்டரின் தடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகப் பஸ் கம்பெனி சொல்லியிருந்தது. அதற்குள் உரிமம் வராவிட்டால் தடம் வேறொருவருக்கு. அந்த வயதில் புதிதாக யாரும் அவரை வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

டோனா பச்சையில் படிவத்தை அனுப்பினாள். பச்சை டிக் விழுந்தது. வரி மறைந்தது.

4

இங்கே என் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முக்கியமான ஃபேக்ஸ் அனுப்பினால், கொஞ்ச நேரம் கழித்து அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டு, கிடைத்ததா என்று கேட்பேன். கிளினிக்கில் இது நெடுநாளாக நகைச்சுவை.

"செல் மறுபடி பஸ்ஸுக்குப் போன் போடுறான்" என்பாள் டோனா. செல்வம் அவள் வாயில் செல்.

பஸ் என்று அவள் சொல்வதற்குக் காரணம் நான் சொன்ன கதைதான். திண்டுக்கல் பக்கம் அகரத்தில் என் அண்ணன் முருகேசன் சம்பங்கி போடுகிறான். பெரும்பாலும் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குத்தான் பூ போகும். தைப்பூசம் மாதிரி சமயங்களில் பழனியில் நாச்சிமுத்து என்பவர் கடைக்கு நேராக அனுப்புவான். அனுப்புவது என்றால் ஈரச் சாக்கில் கட்டி, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழனி வழியாகப் போகும் வண்டியில் ஏற்றி, டிரைவர் கையில் டீக்காசு கொடுப்பது. ரசீது கிடையாது. முகவரி கிடையாது. வண்டி கிளம்பியதும் நாச்சிமுத்துவுக்கு ஒரு போன்: "ஏத்திவிட்டாச்சு. வண்டி நம்பர் இது, கடைசி சீட்டுக்கு அடியில கிடக்கு." பழனியில் மூட்டையை இறக்கியதும் அவரிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். ஒரே ஒரு மணி. அதை எடுக்கக் கூடாது. எடுத்தால் அவருக்குக் காசு. அந்த மணிக்கு அர்த்தம் "எறக்கியாச்சு" என்பது. இன்றைக்கு எல்லாருக்கும் போன் பேசுவது இலவசமாகிவிட்டது. வழக்கம் மாறவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பரிசோதனைக் கூடத்துப் பெண்ணிடம், "காகிதம் வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த டோனா, "தவறிப்போனத எப்படிப்பா குடுக்க முடியும்?" என்று கேட்டாள். விளக்கம் சொல்லப் போய்த்தான் சம்பங்கி மூட்டைவரை வந்தது.

ஒரு தைப்பூசத்துக்கு நான் ஊரில் இருந்தேன். அண்ணன் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். பழனிக்கு வண்டி போய்ச் சேரும் நேரம் தாண்டியது. மணி அடிக்கவில்லை. அவனே கூப்பிட்டான்.

"ஏனுங்க, வண்டி வந்துச்சுங்க, போயிருச்சுங்க. நான்தானுங்க அடுத்த பிளாட்பாரத்துல நின்னுட்டனுங்க" என்றார் நாச்சிமுத்து.

"நல்லா நின்னீரு போங்க. அங்கன நின்னுக்கிட்டு யாருக்கு மால போட்டீரு?" என்று கத்திய அண்ணன், உடனே உடுமலைப்பேட்டையில் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டு வண்டி நம்பரைச் சொன்னான். அவர் மூட்டையை இறக்கித் திரும்பி வரும் வண்டியில் ஏற்றினார். சாயங்காலப் பூசைக்குப் பூ வந்துவிட்டது. பஸ் பழனிக்குச் சரியான நேரத்தில்தான் போய்ச் சேர்ந்திருந்தது. மணி அடிக்காததால்தான் அண்ணனுக்குச் சந்தேகம் வந்தது.

5

என் மகள் கார்த்திகாவும் இதே விஷயத்தில் என்னோடு சண்டை போடுகிறாள். பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பிப் போவாள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல் என்றால் சொல்வதில்லை.

"அப்பா, மேப்ல என் டாட் தெரியுதுல்ல? ரூமுக்குப் போயிருச்சுல்ல? அப்புறம் எதுக்கு கால்?"

"டாட் போயிருச்சும்மா. நீ போனியா?"

"நான் என்ன சம்பங்கி மூட்டையாப்பா?"

மேகலா அடுப்படியிலிருந்து சிரித்தாள். யார் பக்கம் என்று கேட்டேன், சொல்லவில்லை. அவளும் தன் பங்குக்கு அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டுதான் தூங்கப் போகிறாள்.

6

வால்ட்டருக்காக அனுப்பிய படிவம் கிடைத்ததா என்று கேட்க நான் போன் போட்டேன். உரிம அலுவலகத்துக்குப் போன் போடுவது சாதாரணக் காரியமல்ல. ஆங்கிலத்துக்கு ஒன்று, பிரெஞ்சுக்கு இரண்டு, பிறகு இன்னும் பல எண்கள், பிறகு காத்திருக்கச் சொல்லி ஒரு பியானோ இசை. பியானோ முடிந்ததும் அலுவலக நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் டாக்டர் ஹெலன் என்னைப் பார்த்து, "செல்வம், பச்சை டிக் விழுந்திருக்கு. அதுக்குத்தானே இத வாங்கப் போறோம்? போனைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா உங்க மத்த வேலைய யாரு பாக்குறது?" என்றார். கோபமில்லை. கேள்வி நியாயமானது.

அன்றைக்கு மத்தியானம் வால்ட்டர் நேரிலேயே வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஏதாச்சும் தெரிஞ்சதா தம்பி?"

"அனுப்பியாச்சு. கிடைச்சதான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"அனுப்பிச்சா கிடைக்காதா?"

அவருக்கு நேரம் போக வேண்டுமே என்று பழனி மூட்டையைச் சொன்னேன். டிரைவருக்கு டீக்காசு, ஒரு மணி அடித்தால் எறக்கியாச்சு, எடுக்கக் கூடாது, எல்லாவற்றையும்.

அவர் யோசித்தார். "அப்ப உங்க ஊர்ல பஸ் டிரைவர்தான் ஃபேக்ஸ் மெஷினா?"

"ஆமா."

"டீயும் உண்டு?"

"வடையும் உண்டு, சில பேர் குடுத்தா."

"தப்பான ஊர்ல டிரைவராயிட்டேன்யா" என்றார். முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு எழுந்து, "வெள்ளிக்கெழம வரைக்குந்தான் தம்பி. கம்பெனிக்காரனுக நல்லவனுகதான். ஆனா பிள்ளைகள ஏத்த யாராச்சும் ஒரு ஆளு வேணும்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே அவருக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் காரில் காத்திருந்தார். பஸ் ஓட்டியவரை இன்னொருவர் ஏற்றிக்கொண்டு போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அவர் போனதும் மறுபடி ஒன்றை அழுத்தினேன். பியானோவைக் கேட்டபடி, உள்ளே வந்திருந்த ஃபேக்ஸ்களைச் சரிபார்த்தேன். கடைசியில் ஒரு பெண் குரல்.

"அப்படி ஒண்ணும் எங்களுக்கு வரலையே."

"டிக் விழுந்திருக்கு."

"எந்த நம்பருக்கு அனுப்புனீங்க?"

படித்தேன். அவள் சரிபார்த்துவிட்டு, "அது எங்க பழைய கட்டடத்து நம்பர். நாங்க காலி பண்ணி ரொம்ப நாளாச்சு" என்றாள்.

நடந்தது இதுதான். பச்சைக்குள் இருந்த எண் பட்டியல் பழையது. அந்தப் பழைய எண்ணில் ஏதோ ஓர் எந்திரம் இன்னும் உயிரோடு இருந்து, வரும் ஃபேக்ஸை எல்லாம் ஒழுங்காக வாங்கிக்கொண்டிருக்கிறது. எடுத்துப் படிக்க ஆள் இல்லை. மென்பொருள் பொய் சொல்லவில்லை. அது சொன்னபடி ஃபேக்ஸ் போய்த்தான் சேர்ந்திருந்தது. நாச்சிமுத்து அடுத்த பிளாட்பாரத்தில் நின்றுவிட்டார்.

புதிய எண்ணை வாங்கி, மறுபடி அனுப்பி, அவளைப் போனிலேயே நிறுத்தி வைத்தேன்.

"வந்திருச்சு" என்றாள்.

"கண்ணால பாக்குறீங்களா?"

"பாக்குறேன் சார். பேரு வால்ட்டர், டாக்டர் கையெழுத்து இருக்கு. கையெழுத்துல மை கொஞ்சம் இழுத்திருக்கு. போதுமா?" என்று சிரித்தாள். அவசரம் என்று குறித்துக்கொள்வதாகச் சொன்னாள். வெள்ளிக்குள் முடியுமா என்று கேட்டதற்கு, வாக்குக் கொடுக்க முடியாது என்றாள்.

7

மறுநாள் காலை மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம்.

"பட்டியல்ல ஒரு நம்பர் தப்பு. அதத் திருத்திட்டாப் போச்சு. அதுக்காக நல்ல மென்பொருள விடணுமா?" என்றார் டாக்டர்.

"நம்பர் தப்பாகிறது எங்கயும் நடக்கும் டாக்டர்" என்றேன். "நான் பாக்குறது வேற. பச்சையில வேல தன்னாலேயே முடிஞ்சு, தன்னாலேயே மறைஞ்சிருது. முடிஞ்சதா இல்லையான்னு யாரும் கேக்குறதுக்கு அங்க எடமே இல்ல. சாம்பல்ல நாம முடிச்சாத்தான் முடியும்."

டோனா குறுக்கிட்டாள். "அப்ப ஒவ்வொரு ஃபேக்ஸுக்கும் போன் போடச் சொல்றியா? மருந்துக்கடைக்கு நாம அனுப்புறதுக்கெல்லாம் போன் போட்டா எனக்குத் தொண்ட கட்டிக்கிரும். ஊரு சிரிக்கும்."

அவள் சொன்னதும் நியாயம்தான். நான் அதற்கும் யோசித்து வைத்திருந்தேன். மருந்துச் சீட்டுக்கு வேண்டாம். கிடைக்காவிட்டால் மருந்துக்கடைக்காரரே கூப்பிடுவார். உரிமம், புற்றுநோய்ச் சந்தேகம், அறுவை சிகிச்சைப் பரிந்துரை, வேலைக்கான சான்று ஆகியவற்றுக்கு மட்டும். அதாவது, காகிதம் போய்ச் சேராவிட்டால் மறுமுனையில் இருப்பவருக்கு அப்படி ஒன்று வர வேண்டியிருக்கிறது என்றே தெரியாத விஷயங்களுக்கு.

திண்டுக்கல்லில் இந்தப் பிரச்சினையே இல்லை என்பதையும் சொன்னேன். ஸ்கேன் சென்டரில் நான் கொடுக்கும் ரிப்போர்ட்டை நோயாளியே ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். வருடக்கணக்கான எக்ஸ்ரே முழுதும் அந்தப் பைக்குள் சுருண்டிருக்கும். ஒழுங்கில்லைதான், சில நேரம் மழையில் நனையும், பாதி காகிதம் பேரனுடைய பள்ளிக்கூடக் கட்டணச் சீட்டாக இருக்கும். ஆனால் காகிதம் யாருடையதோ அவர் கையில் இருக்கும். இங்கே வால்ட்டரின் கையில் ஒன்றுமே இல்லை. நம்மை நம்பி உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டர் ஹெலன் வால்ட்டரின் கோப்பைப் புரட்டினார். பிறகு, "இன்னொரு சந்தேகம் செல்வம். வால்ட்டர் மயங்கி விழுந்தத அரசாங்கத்துக்கு எழுதுனது நான். அந்த ஃபேக்ஸ் மட்டும் எப்படி உடனே போய்ச் சேந்துச்சு?" என்று கேட்டார்.

"அது பழைய எந்திரத்துல அனுப்புனது டாக்டர். நம்பர் எந்திரத்து மேல டோனா ஒட்டி வச்சிருந்தா."

"எங்கிட்டத்தானே நம்பர் இருந்துச்சு, நானே பச்சைய நம்பி அனுப்பிட்டேன் பாரு" என்றாள் டோனா.

சாம்பலை எடுத்தோம். டாக்டர் கையெழுத்துப் போடும்போது, "பாக்கச் சகிக்கல" என்று மட்டும் சொன்னார்.

8

போன் போட்டுக் கேட்டு நாமே முடித்துவைக்கும் அந்தக் கூடுதல் நிலைக்குச் சாம்பல் ஒரு பெயர் கேட்டது. 'உறுதி செய்யப்பட்டது' என்று ஆங்கிலத்தில் வைக்கலாம். ஆனால் அந்தச் சொல்லை எந்திரங்களும் பயன்படுத்துகின்றன, குழப்பம் வரும். ஆங்கில எழுத்தில் 'எறக்கியாச்சு' என்று அடித்தேன். டோனா எழுத்துக்கூட்டிப் படித்தாள். மூன்றாவது தடவை வாய்க்கு வந்தது.

சாயங்காலம் அண்ணனிடம் போனில் சொன்னேன்.

"ஏலே அப்பு, அம்புட்டுப் பெரிய தேசத்துல பேப்பர் போயிச் சேந்துச்சான்னு பாக்க ஆளில்லையா? நம்ம நாச்சிமுத்துவ வேணா அனுப்பி வைக்கவா?"

"அவரு அடுத்த பிளாட்பாரத்துலல்ல நிப்பாரு."

"அதுவும் சரிதான்" என்றான்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாம்பலின் பட்டியலில் நானே பதிந்து வைத்த வால்ட்டரின் வரி 'சேர்ந்தது' என்ற நிலையில் நின்றது. காகிதம் கிடைத்ததற்கு அந்தப் பெண்ணே சாட்சி, அதோடு முடித்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. உரிமம் அவர் கைக்கு வராதவரை மூட்டை வண்டியில்தான் இருக்கிறது. காலையில் உரிம அலுவலகத்தைக் கூப்பிட்டேன்; பியானோ. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் பியானோ. பஸ் கம்பெனி சாயங்காலம் மூடிவிடும்.

டோனா மேசையிலிருந்த காகிதத் தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது அலுவலகத் தொலைபேசி அடித்தது. ஒரே மணி. அவள் கை நீட்டுவதற்குள் நின்றுவிட்டது. திரையில் வால்ட்டரின் பெயர்.

"அய்யோ, கட்டாயிருச்சு" என்றாள் டோனா. "திருப்பிக் கூப்பிடு செல். பாவம், என்ன ஆச்சோ."

"வேண்டாம்."

"என்னப்பா நீ, ஊரு பூராக் கூப்பிடுவ, இந்த மனுசனக் கூப்பிட மாட்டியா?"

"எடுத்தா அவருக்குக் காசு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தொலைபேசியைப் பார்த்தாள். பிறகு என்னைத் தள்ளிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து, சாம்பல் திரையில் வால்ட்டரின் வரியைத் தேடி எடுத்து, கடைசி நிலையை அவளே அழுத்தினாள். அழுத்தும்போது அந்தச் சொல்லை வாய்விட்டு, றகரத்தை நன்றாக உருட்டிச் சொன்னாள்.